பள்ளியில் வானியல் மன்றம்: முதலில் ஒரு குச்சி, விழா அப்புறம்

பள்ளி மன்றங்கள் பலவும் தொடக்க விழாவோடு நின்றுவிடுகின்றன. பேனர் இருக்கும், குத்துவிளக்கு இருக்கும், தலைவர் முதல் பொருளாளர் வரை ஏழு பேருக்குப் பதவியும் இருக்கும். அடுத்த வியாழக்கிழமை கூடினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவார்கள். நான்காவது கூட்டம் நடக்காது.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். முதலில் வாராவாரம் செய்ய ஒரு வேலை, அதைச் செய்ய ஆட்கள், கடைசியில் விழா. எடுத்துக்கொண்டிருப்பது வானியல் மன்றம். தொலைநோக்கி வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் மாதம் நிழலில்லா நாள் வந்துவிடும். அதுவே உங்கள் தொடக்க விழா.

நிழலில்லா நாள் என்பது நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும் நாள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டியும், மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 ஆகிய நாட்களை ஒட்டியும் வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு நெருக்கும் என்பதால் பள்ளிக்கு ஆகஸ்ட்தான் தோது.

1. பொறுப்பாசிரியரைப் பிடியுங்கள்

அறிவியல் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சமூக அறிவியல் டீச்சருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அத்துப்படி. பி.இ.டி. சார் மாலையில் மைதானத்தில்தான் இருப்பார். ஆர்வத்தைவிட அவரிடம் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே என்.எஸ்.எஸ்., சாரணர், பசுமைப் படை என்று மூன்று பொறுப்பு சுமப்பவரிடம் நான்காவதைக் கொடுத்தால் அவரும் பாவம், மன்றமும் பாவம்.

"மன்றம் ஆரம்பிக்கணும் சார்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "வாரம் 40 நிமிஷம், மாசம் ஒரு சாயங்காலம், லேப் அலமாரியில ஒரு தட்டு" என்று கேளுங்கள். அளவு தெரிந்த வேலைக்கு ஒப்புக்கொள்வது எளிது.

2. தலைமையாசிரியருக்குக் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. நோக்கத்தைப் பற்றி ஒரு வரி, மீதி எல்லாம் நடைமுறை. மாதிரிக்கு:

"ஒவ்வொரு வியாழனும் 12.00 முதல் 12.40 வரை, 6, 7, 8, 9, 11 வகுப்புகளைச் சேர்ந்த 15 மாணவர்கள், மைதானத்தின் மேற்கு மூலையில் நிழல் அளக்க அனுமதி வேண்டுகிறோம். பொறுப்பாசிரியர் உடன் இருப்பார். மாணவர்களிடம் பணம் வசூலிக்க மாட்டோம். வகுப்பு தவறும் நிமிடங்களுக்கான பாடத்தை அன்றே எழுதி முடிப்போம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அனுமதி மறுக்கப்படுவது பெரும்பாலும் பாடம் போகிறது என்ற காரணத்துக்காகத்தான். கையெழுத்தான கடிதத்தின் நகலை மன்ற நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனால் அந்தத் தாள் கைகொடுக்கும்.

3. ஆட்கள்

15 பேர் போதும். 50 பேர் கையைத் தூக்குவார்கள். ஒரு பலகையைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது, தள்ளுமுள்ளுதான் நடக்கும். 15 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அளக்கச் சொல்லுங்கள். அளக்காத அணி வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

10, 12 வகுப்பு மாணவர்களுக்குப் பொறுப்பு கொடுக்காதீர்கள். வரட்டும், பார்க்கட்டும். ஆனால் தீபாவளி முடிந்தால் அவர்களைத் திருப்புதல் தேர்வு விழுங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரும் எட்டாம் வகுப்பிலிருந்து இருவரும் பொறுப்பில் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்காரர்கள் ஒன்பதுக்குப் போய் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்வார்கள். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு 6, 7 வகுப்புகளாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காத மன்றத்துக்கு ஆயுள் ஓராண்டுதான்.

பதவிப் பெயர்கள் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. "அலமாரிச் சாவி", "நோட்டு", "நேரம் பார்ப்பவர்" என்று வேலையின் பெயரையே பதவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. நிழல் பலகை

மன்றத்தின் முதுகெலும்பு இதுதான். தேவையானவை: 2 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை, மாப் போடும் உருண்டை மரக்கட்டையில் 50 செ.மீ. துண்டு, இரண்டு அங்குல ஸ்க்ரூ ஒன்று, வெள்ளை சார்ட், நூலில் கட்டிய ஒரு இரும்பு நட்டு, ஸ்கேல், பென்சில். கட்டையின் இரண்டு முனைகளையும் தச்சரிடம் கொடுத்து நேராக வெட்டி வாங்குங்கள். முனை கோணலாக இருந்தால் குச்சி கடைசி வரை சாய்ந்தே நிற்கும்.

பலகையின் நடுவில் துளையிட்டு, சார்ட்டை ஒட்டி, அடிப்பக்கத்திலிருந்து ஸ்க்ரூவை முடுக்கிக் குச்சியை நிறுத்துங்கள். பலகை மேலிருந்து குச்சியின் உச்சி வரை 50 செ.மீ. இருக்க வேண்டும். மைதானத்தில் வைத்ததும் இரண்டு சோதனைகள். ஒரு தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பலகைமேல் வையுங்கள். ஒரு பக்கம் வழிந்தால் அந்த மூலைக்கு அட்டை முட்டுக் கொடுங்கள். பிறகு நட்டுக் கட்டிய நூலைக் குச்சியின் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு திசைகளிலிருந்து பாருங்கள். நூலும் குச்சியும் ஒட்டி இணையாக இருக்க வேண்டும். குச்சி ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் ஏறக்குறைய 9 மி.மீ. தப்பாகும்.

12 மணியிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். குச்சியின் விளிம்பிலிருந்து நுனிக்கு மிகக் குறைந்த தூரம் எந்தப் புள்ளிக்கோ, அதுதான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். குச்சியின் நடுவிலிருந்து அளக்காதீர்கள். கட்டையின் பாதித் தடிமன், ஒரு செ.மீ. அளவுக்கு, கூடிவிடும்.

இந்த நேரம் கடிகார 12 ஆக இருக்காது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் சூரியன் 4 நிமிடம் தாமதம். ஜூலையில் சென்னைக்கு நண்பகல் 12.15 வாக்கில், கோவைக்கு 12.28 வாக்கில். "பன்னிரண்டு மணிக்கு அளந்தோம், நிழல் போகவே இல்லை" என்று புலம்பும் பள்ளிகள் செய்யும் தவறு இதுதான். நிழலில்லா நாளன்றே கடிகாரம் 12 காட்டும்போது இந்தக் குச்சிக்குச் சென்னையில் கிட்டத்தட்ட 3 செ.மீ. நிழல் இருக்கும்.

நிழலின் நுனி கத்தி வெட்டியதுபோல் தெரியாது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் 50 செ.மீ. குச்சிக்கு 5 மி.மீ. அளவுக்கு ஓரம் மங்கலாகும். மங்கலின் நடுவில் புள்ளி வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஒரே ஆள் வைக்க வேண்டும். ஆள் மாறினால் அளவும் மாறும்.

முதல் வாரமே ஒரு வேடிக்கை நடக்கும். நிழல் தெற்கே விழும். ஜூனிலும் ஜூலையிலும் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறதே! "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்று படித்த பிள்ளைகள் திசைகாட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். உடனே விளக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொள்ளட்டும்.

5. நோட்டும் வரைபடமும்

நோட்டில் ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "ஜூலை 9. மேகம் பாதி. நண்பகல் 12.14. நிழல் 8.1 செ.மீ., தெற்கே. 12.20 புள்ளி மேகத்தால் விடுபட்டது." விடுபட்டதையும் எழுத வேண்டும். ஊகித்து நிரப்பிய ஒரு எண் வரைபடத்தையே கோணலாக்கும்.

வாராவாரம் வரைபடத் தாளில் நாளுக்கு எதிரே நிழல் நீளத்தைக் குறியுங்கள். நீளம் பூஜ்ஜியமாகும் நாள் எது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். ஜூன் 21-இல் சென்னையில் 9.1 செ.மீ., ஜூலை 9-இல் 8.1. இந்த இரண்டையும் ஸ்கேல் வைத்து நீட்டினால் நிழலில்லா நாள் டிசம்பரில் வருவதாகக் காட்டும். ஜூனில் சூரியன் திரும்புமுனையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பிறகுதான் வேகமெடுக்கிறது. ஜூலை 31-இல் 4.6, ஆகஸ்ட் 10-இல் 2.2 என்று வந்த பிறகு அந்த இரண்டை நீட்டுங்கள்: ஆகஸ்ட் 19 வரும். உண்மை நாளுக்கு ஒரு நாள்தான் வித்தியாசம். அடுத்த வாரம் என்ன எண் வரும் என்ற ஆவல்தான் பிள்ளைகளை மன்றத்துக்கு இழுத்துவரும்.

6. விழா நாள்

இப்போது பேனர் அடிக்கலாம். ஆனால் ஒன்றை முன்பே யோசித்துவிடுங்கள்: காட்சி பத்து நிமிடம்கூட நீடிக்காது. 400 பேரை ஒரு பலகை முன் வரிசையில் நிறுத்தினால் முதல் 30 பேர் மட்டுமே பார்ப்பார்கள். எனவே எல்லா வகுப்புகளும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நிற்கட்டும். ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா கொண்டுவந்து தரையில் வைக்கட்டும். பக்கம் நேராக உள்ள பாத்திரம்தான் வேண்டும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளர் சூரியன் உச்சிக்கு வந்தாலும் சுற்றி ஒரு வளைய நிழல் காட்டும்; கவிழ்த்து வைத்தால் முன்கூட்டியே நிழல் மறைந்து ஏமாற்றும்.

சென்னையில் ஆகஸ்ட் 18-க்கு நேரம் 12.13. மதுரையில் ஆகஸ்ட் 27-க்கு 12.19. ஐந்து நிமிடம் முன்பே மைக்கில் எண்ணத் தொடங்குங்கள். அண்ணாந்து சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதையும் மைக்கிலேயே இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் கண்ணைக் காக்காது.

மேகம் மூடினால் பதற வேண்டாம். ஒரு நாளைக்கு நண்பகல் நிழல் 3 மி.மீ. அளவுக்குத்தான் மாறும், மங்கல் ஓரத்தைவிடக் குறைவு. முந்தைய நாளோ மறுநாளோ வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் இதே தீர்வுதான்.

7. மாலைக் கூட்டம்

மாதம் ஒன்று போதும். நிலவு பார்க்கப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களின் நிழல் தெரியாது, கண்தான் கூசும். தினசரி காலண்டரில் வளர்பிறை சப்தமி, அஷ்டமி பார்த்து நாள் குறியுங்கள். இரவல் வாங்கிய 10x50 பைனாகுலர் ஒன்று போதும். கை நடுங்கும், முழங்கைகளைக் காம்பவுண்டுச் சுவர்மேல் ஊன்றச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாலை ஏழு மணிக்குக் கார்த்திகைக் கூட்டம், ரோகிணி, திருவாதிரை மூன்றையும் வெறும் கண்ணிலேயே காட்டிவிடலாம். முன்கூட்டிப் பார்த்துவைக்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் கையெழுத்து, பெண் ஆசிரியர் உட்பட இரண்டு ஆசிரியர்கள், யார் யாருடன் வீடு திரும்புகிறார் என்ற பட்டியல், 8 மணிக்குள் முடிப்பது: இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். கடைசி பஸ் எட்டே காலுக்கு என்றால் ஏழரைக்கே முடியுங்கள்.

8. மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெரியாது. நடுவில் தீபாவளி, அரையாண்டுத் தேர்வு. மன்றங்கள் சாவது இந்த இடைவெளியில்தான். கூடும் நாளை மட்டும் மாற்றாதீர்கள், வேலையை மாற்றுங்கள். சார்ட்டில் 14 செ.மீ. விட்டமுள்ள சூரியனை வெட்டுங்கள். அந்த அளவில் பூமி ஒரு கேழ்வரகு, 15 மீட்டர் தள்ளி. நிலவு கேழ்வரகிலிருந்து 4 செ.மீ.க்குள். வியாழன் ஒரு கோலிக்குண்டு, 78 மீட்டரில். நெப்டியூன் 450 மீட்டரில், அதாவது பெரும்பாலும் பள்ளி கேட்டைத் தாண்டித் தெருமுனையில்.

இன்னொரு பள்ளியோடு சேர்ந்து பூமியின் சுற்றளவையும் கணக்கிடலாம். ஒரே நாளில் இரு ஊர்களிலும் அந்தந்த ஊர் நண்பகலில் நிழல் அளந்து கோணமாக்குங்கள். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் 5 பாகை வித்தியாசம் வரும். வடக்கு தெற்காக நேர்த்தூரம் 555 கி.மீ.; முழு வட்டமான 360 பாகையில் 72 ஐந்து பாகைகள் என்பதால், 72-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. சாலைத் தூரமான சுமார் 700 கி.மீ.யைப் போட்டால் விடை 50,000-ஐத் தாண்டிவிடும். இரு ஊரிலும் ஒரே நாளில் நண்பகல் வெயில் வேண்டும் என்பதால் அளவுகளை மழைக்கு முன்பே எடுத்துவைத்துக் கணக்கை மழையில் போடுங்கள். ஆனால் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைச் சேர்த்தே குறித்து வையுங்கள். ஒரு ஊரில் வடக்கும் இன்னொன்றில் தெற்கும் என்றால் கோணங்களைக் கூட்ட வேண்டும், கழிக்கக்கூடாது.

9. பணமும் கைமாற்றமும்

பலகைச் செலவு சில நூறு ரூபாய். அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமோ முன்னாள் மாணவர்களிடமோ தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். மாணவர் கையில் பணம் இருக்கவே கூடாது, பில் மட்டும் நோட்டில் ஒட்டப்பட வேண்டும்.

ஜனவரியிலேயே அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்களைச் சொல்லிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் அளவுகளை அவர்கள் எடுக்கட்டும், பழையவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். மார்ச் கடைசி வாரம் குச்சியைக் கழற்றிப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் கோடையில் வளைந்துவிடும். பலகை வைத்த இடத்தின் நான்கு மூலைகளையும் தரையில் பெயின்ட்டால் குறித்து, ஸ்க்ரூவை ஒரு கவரில் போட்டு நோட்டின் பின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஜூனில் முதலில் காணாமல் போவது அந்த ஸ்க்ரூதான்.