ராஜா தலை ரூபாயில் யானையைப் பார்ப்பது எப்படி

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் என்ற வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட வெள்ளி ரூபாய் கிடைத்தால், உடனே புளியும் சபீனாவும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும். தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தால், காசு சேர்ப்பவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். சென்னை தங்கசாலைப் பக்கம் ஒரு அடகுக் கடையில் தராசோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்.

முதலில் எடை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. கைபட்டுத் தேய்ந்ததில் கொஞ்சம் குறையலாம். 9 கிராம் காட்டினால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, அதன் கணக்கு வேறு.

சரி, இப்போது லென்ஸ். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காசைச் சாய்த்துப் பிடியுங்கள். ராஜாவின் மேலங்கி மேல் ஒரு மாலை கிடக்கும். இந்தியப் பேரரசு விருதின் மாலை அது. அதில் ஒரு குட்டி யானை. 1911இல் அதற்குத் தும்பிக்கையைக் கட்டையாகச் செதுக்கிவிட்டார்கள். பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. அவர்கள் மதத்தில் பன்றி அசுத்தம்; அதை மடியில் கட்டிக்கொண்டு திரியச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி புது அச்சு போட்டார்கள். பழையதற்குப் பன்றி ரூபாய் என்றே பெயர் நின்றுவிட்டது.

பின்பக்கம் பூவேலைப்பாடு. இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்பூ, அயர்லாந்தின் மூவிலை, நம் தாமரை என்று எல்லாம் ஒரே கொடியில். ஆளுகிறவன் கட்டிய மாலையில் நமக்கும் ஒரு பூ! கீழே இருக்கும் தாமரைக்கடியில் மேடாக ஒரு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா.

"இங்கே தங்கசாலையிலேயே அடிச்சது சார்" என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். மதராஸ் நாணயசாலையை 1869லேயே மூடிவிட்டார்கள்.

வாங்கும்போது வருடத்தையும் யானையையும் சேர்த்தே பாருங்கள். 1911 என்று போட்டிருந்து தும்பிக்கை மட்டும் அழகாக நீண்டு தொங்கினால், வருடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், இல்லை காசே போலி.