ண, ன குழப்பம் தீர்ந்த கதை

பல வருடம் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவைக்கும் ஒலிப்பு முறையில்தான் தட்டச்சு செய்தேன். ஷிஃப்ட் கொஞ்சம் தவறினாலும் 'பணம்' 'பனம்' ஆகிவிடும். எழுதுவதைவிடத் திருத்துவதற்கே நேரம் போனது.

கடைசியில் விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறினேன். ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை, ஷிஃப்டே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது, புள்ளி தானாக விழுவதுதான். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா'. ப, ந, த, உ என்றால் 'பந்து'. நான்கே தட்டு!

முதல் வாரம் விரல் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. 'பாடட்டும்' மட்டும் 'பாட்டடும்' என்று வந்து படுத்தியது. அப்புறம்தான் தெரிந்தது: முதல் ட-வுக்குப் பின் அ-வைத் தட்டினால் அங்கே புள்ளி விழாது. இப்போது அதுவும் சரியாக வருகிறது.