கண்மாய்த் தண்ணீரில் மலை முழுசாக விழ: ட்ரைபாட் முதல் ஃபோகஸ் வரை

எல்லா அமைப்பையும் நாமே வைக்கும் மேனுவல் மோடும், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலும் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கண்மாயில் மலையின் பிம்பம் விழும் இந்தப் படத்துக்கு மதுரைப் பக்கம் காலம் கார்த்திகை முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்திருக்கும், காற்றில் தூசி குறைவு. சித்திரையில் போனால் வெடித்த வண்டல்தான் கிடைக்கும். ஆகாயத்தாமரை மூடிய கண்மாயை விட்டுவிடுங்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரக் குளத்தில் தாமரை படர்ந்திருந்தால் பிம்பம் தேடாதீர்கள். இலைகளை முன்னால் வைத்து மலையை எடுங்கள். அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகளும் ஆனைகொண்டான் கண்மாயும் உண்டு. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ராசாளிகள் தங்கும் பாறைகளை நெருங்க வேண்டாம்.

1. நேரம். மார்கழியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வரும். ஐந்தே முக்காலுக்கே இடத்தில் இருங்கள். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பும். தண்ணீரில் அலை விழுந்தால் பிம்பம் போச்சு.

2. கேமரா உயரம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். கண்மாய்க் கரை மேல் நின்று பார்த்தால் மலை முழுசாகத் தெரியும், தண்ணீரிலோ எதிர்க்கரைப் பனைகள் பாதி மலையை மறைத்திருக்கும். காரணம் எளிது. நீங்கள் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்களோ, அவ்வளவு ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் காட்சிதான் பிம்பத்தில் விழுகிறது. பத்தடிக் கரையில் நின்றால் பத்தடிக் கீழிருந்து பார்ப்பது போல. முன்னாலிருக்கும் மரம் மலையை மறைக்கத்தான் செய்யும். படித்துறையிலோ மடைப் பக்கமோ இறங்கி, கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வையுங்கள். மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே மலை வரும். கலுங்கில் (உபரி நீர் வழியும் இடம்) தண்ணீர் மறுகால் போனால் அந்தப் பக்கம் வேண்டாம், நீர் நிலைக்காது.

3. ட்ரைபாட். சேற்றில் காலை ஊன்றும்போது மெல்லிய அடிக்கணுவை முதலில் முழுசாக நீட்டுங்கள். அப்போதுதான் பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். முறுக்கும் பூட்டில் வண்டல் ஏறினால் வீட்டில் கழற்றிக் கழுவ வேண்டும். என் தேர்வு எப்போதும் மடக்கும் பூட்டுதான். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமன்செய்வது) அணைத்து, இரண்டு நொடி டைமர் வையுங்கள்.

4. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்). கழற்றிவிடுங்கள். காலடித் தண்ணீரில் அது பிம்பத்தை அழித்துச் சேற்றைக் காட்டும். தூரத்துத் தண்ணீரில் பிம்பம் அப்படியே இருக்கும். அகல லென்ஸில் இந்த இரண்டும் ஒரே படத்தில் திட்டாக நிற்கும். பகலில் மலைப் பச்சையின் மினுமினுப்பைக் குறைக்க மட்டும் போடுங்கள்.

5. ஃபோகஸ், வெளிச்சம். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 18 மி.மீ. லென்ஸ், எஃப்/11 துளை, ஐஎஸ்ஓ 100. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் கல்லில் ஃபோகஸ் செய்து மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால், ஒரு மீட்டரிலிருந்து மலை உச்சி வரை தெளிவு. பிம்பம் எப்போதும் வானத்தைவிட இருண்டே இருக்கும். பாதி இருண்ட கிரேடியன்ட் ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்: வானத்தோடு பாறை உச்சியையும் கறுப்பாக்கிவிடும். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதே மேல்.

சிறுமலையிலோ கொடைக்கானல் பக்கமோ அனுமதி பெற்றுக் கூடாரம் போடுபவர்களுக்கு: பேட்டரியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். கேமராவை ஜிப் மூடிய பைக்குள் வையுங்கள்; வெளியே விட்டால் விடியலில் லென்ஸ் முழுக்கப் பனித்துளி. ஏசி அறையிலிருந்து நேராகக் கண்மாய்க்குப் போனாலும் லென்ஸ் மங்கும். அரை மணி நேரம் பையைத் திறக்காமல் வெளியே வையுங்கள், துண்டால் தேய்க்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது: மொபைலில் எடுப்பவர்கள் பலர் கேட்டதால் இது. போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். பின்பக்க லென்ஸ் கீழே வந்து தண்ணீரை ஒட்டி நிற்கும். அகலக் கோணத்தைவிட 1எக்ஸில் மலை பெரிதாக வரும். மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்ளுங்கள், பாசி பிடித்த படி வழுக்கும்.