ஆள் மாறினாலும் சைக்கிள் குழு கலையாமல் இருக்க

ஜனவரியில் புதுமுகங்கள் வந்து குவிவார்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாதிப் பேரைக் காணோம். கல்யாணம், குழந்தை, பெங்களூர் வேலை என்று பழையவர்களும் கழன்றுகொள்வார்கள். சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஞாயிறு காலை மிதிக்கும் குழுக்களில் இது சகஜம். ஆள் போவதைத் தடுக்க முடியாது, அவருக்குத் தெரிந்தது குழுவில் தங்க வேண்டும்.

வழிநடத்துவதை ஒருவரிடமே விடாதீர்கள், வாரம் ஒருவர். கடைசியில் வருகிறவரோடு ஓர் அனுபவசாலி கூடவே வரட்டும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சுமார் 20 கி.மீ. எதிர்க்காற்றில் தனியாக மிதித்தவர் அடுத்த வாரம் வரவே மாட்டார். பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்டித் தராதீர்கள்! டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவரைப் புதியவர் கையில் கொடுத்து, டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி முள்ளைத் தேடச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி, எல்லோரும் நில்லுங்கள்.

அப்புறம், சிலர் வேகம் கூடி, 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கும் ‘பிரவே’ (brevet) என்ற நெடுந்தூரச் சவாரிகள் பக்கம் போய்விடுவார்கள். கோபப்படாமல், மாதம் ஒரு மெதுவான சவாரிக்குக் கூப்பிடுங்கள். விலகியவர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்க வேண்டாம். எங்களில் இரண்டு வருஷம் காணாமல் போன ஒருவர், பெசன்ட் நகர் சவாரிக்கு மகளைச் சின்ன சைக்கிளில் கூட்டிவந்தார். அன்று எல்லோரும் அவள் வேகத்துக்கே மிதித்தோம்.