புராஜெக்டுக்குப் பெயர் வேண்டுமா? ரயில் பாதையைப் பாருங்கள்

சொந்தமாக எழுதும் புரோகிராம்களுக்கு 'டெஸ்ட்', 'நியூ', 'ஃபைனல்' என்று பெயர் வைத்தால் கொஞ்ச நாளில் எது எதுவென்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையிலிருந்து பெயர் எடுங்கள். செங்கோட்டைக்காரர்களுக்குப் புனலூர் ரயில் பாதையே போதும்: பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, ஒற்றக்கல், எடமண். பழையது செங்கோட்டைப் பக்கம், புதியது புனலூர்ப் பக்கம் என்று வைத்தால் எது முந்தையது என்பதைப் பெயரே சொல்லிவிடும். உபுண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளியீடுகளின் விலங்குப் பெயர்களும் 2006 முதல் ஆங்கில அகரவரிசையில்தான் வருகின்றன.

அதே பாதையில் உள்ள கழுதுருட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். அதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கம்ப்யூட்டர் டெர்மினலில் கட்டளையாகத் தட்டும்போது பாடாய்ப் படுத்தும். வெளியிடுவதாக இருந்தால் புரோகிராம்களைப் பகிரும் தளங்களான பைபிஐ, என்பிஎம்மில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ரீட்மீ என்ற விளக்கக் கோப்பின் முதல் வரியிலேயே 'தென்மலை: வீட்டு மின்கட்டணக் கணக்கு' என்று அதன் வேலையையும் எழுதிவிடுங்கள்.