பழைய கப்போர்டுக்குத் தேக்கு மர ரேகை

ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு என்றால் கப்போர்டு கதவு சீக்கிரமே மங்கிவிடும். உப்புக்காற்று அப்படி. புதுக் கதவு போடாமலே, பெயிண்டால் மர ரேகை வரைந்து தேக்கு போலக் காட்டலாம்.

சமையலறைக் கதவு என்றால் முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் உப்புத்தாள், பிரைமர். சன்மைக்கா ஒட்டிய கதவானால் பளபளப்பு போகும்வரை தேய்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும்.

அதன் மேல் பிஸ்கட் நிற எனாமல். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை விடக் கூடுதலாகக் காயவிடுங்கள், கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தொட்டால் விரல் ஒட்டவே கூடாது.

இனிதான் கைவேலை. பிரவுன் எனாமலில் டர்பன்டைனும் கொஞ்சம் வார்னிஷும் கலந்து, ஒரு கதவுக்கு மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே காய்ந்த முரட்டு பிரஷை மேலிருந்து கீழாக, நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். கை லேசாக நடுங்கினால் நல்லதுதான், நிஜ மரத்தில் நேர்கோடு ஏது? பிடிக்கவில்லையா, டர்பன்டைன் நனைத்த துணியால் உடனே துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். முதலில் ஒரு அட்டையில் இழுத்துப் பழகுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் மேலே கிளியர் வார்னிஷ்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம்.