பேதியாகும் பிள்ளைக்குச் சிராப் தண்ணீர் வேண்டாம்

சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து வீடுகளில் பிள்ளைக்குப் பேதி என்றால் உடனே சிராப் தண்ணீர், அதாவது சீனிப்பாகு கலந்த இனிப்புத் தண்ணீர், கலக்குவார்கள். தெம்பு வரட்டும் என்றுதான். ஆனால் அது கெடுதல்.

நடுவில் மெல்லிய சவ்வு இருந்தால், தண்ணீர் அதன் வழியே உப்போ சர்க்கரையோ கூடுதலாக இருக்கும் பக்கம்தான் ஓடும். இதுதான் சவ்வூடு பரவல். குடலுக்குள் சீனி அளவுக்கு மீறினால் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும், பேதி கூடும். சரி, வெறும் பச்சைத் தண்ணீரை மட்டும் கொடுக்கலாமா? அதுவும் போதாது. போன உப்பு திரும்பாது, இரத்தத்தில் உப்பு குறையும், உயிரணுக்கள் தண்ணீரை இழுத்து வீங்கும். செம்பனை இலையின் உயிரணுவுக்குக் கெட்டியான சுவர் உண்டு, தாங்கும். நம் உயிரணுவுக்கு மெல்லிய சவ்வு மட்டுமே. சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் வெடித்தே போகும்.

கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) நல்லது. இரவில் கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டி அளங்கள், இதில் கைக்கணக்கு ஆகவே ஆகாது. முதலில் நீங்கள் ருசி பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் ஊட்டுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.